டெலிபோன் கணக்கை யாருக்குக் கொடுக்கலாம்?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்த தோழர்கள், நான் வழக்கம்போல் சாமியைப் பற்றியோ, புரோகிதத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணித்தான் அழைத்திருப்பார்கள். நோட்டீசிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் நான் இன்று பேச நினைப்பது உங்கள் சட்டைப் பையிலும், தாய்மார்கள் கைப்பையிலும் இருக்கிற டெலிபோனைப் பற்றியாகும். அந்தக் கருவியின் மூலம் நீங்கள் யார் யாருடன், எப்பொழுது, எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கம்பெனிக்காரன் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கணக்கை அவன் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே விஷயம். இதில் பகுத்தறிவு எங்கே வந்தது, சுயமரியாதை எங்கே வந்தது என்று சிலருக்குத் தோன்றலாம். முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நான் வக்கீல் அல்ல. பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சட்டப் புஸ்தகத்தை ஒரு பக்கமும் அகராதியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படித்தேன். விளங்காத இடங்களில் ஒரு வக்கீல் தோழரை இரவு நேரத்திலும் தொந்தரவு செய்து கேட்டுக் கொண்டேன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

கணக்கில் என்ன இருக்கிறது?

முதலில் இந்தக் கணக்கு என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டும். போலீசாரும் வக்கீல்களும் இதை சி.டி.ஆர். என்று சொல்லுவார்கள். நீங்கள் பேசிய பேச்சு இதில் இராது. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, மணி, எத்தனை வினாடி பேசினீர்கள் என்பது, எந்த டவரிலிருந்து பேசினீர்கள் என்பது, எந்த சிம், எந்தக் கருவி என்பது, இவ்வளவும் இருக்கும். கருவி என்றேனே, அதைக் கவனியுங்கள். ஒவ்வொரு செல்போனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஒரு எண் உண்டு. சிம்மை மாற்றினாலும் அந்த எண் மாறாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்தக் கணக்கைக் குறைந்தது இரண்டு வருஷ காலம் வைத்திருக்க வேண்டும் என்று சர்க்கார் கம்பெனிகளுக்கு லைசென்சில் நிபந்தனை போட்டிருக்கிறது. 2021 டிசம்பருக்கு முன்பு ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும் என்றிருந்தது.

"பேச்சே இல்லையே, வெறும் நம்பர்தானே, இதில் என்ன மோசம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களை நம் ஊர்த் தபால்காரரை நினைத்துப் பார்க்கச் சொல்லுகிறேன். முன்காலத்தில் தபால்காரர் ஒரு கவரையும் பிரிக்க மாட்டார். ஆனாலும் எந்த வீட்டுக்குப் பட்டாளத்திலிருந்து பணம் வருகிறது, எந்த வீட்டுக்குக் கோர்ட்டு நோட்டீசு வருகிறது, எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து மாதம் இரண்டு கடிதம் வருகிறது என்பதெல்லாம் மேல் விலாசத்தைக் கொண்டே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் யோக்கியராயிருந்ததால் ஊர் பிழைத்தது. அந்தத் தபால்காரர் ஒவ்வொரு நாளும் பார்த்ததை எல்லாம் மணிக்கணக்கோடு நோட்டில் எழுதி, நீங்கள் எந்தத் தெருவில் நின்று அந்தக் கடிதத்தை வாங்கினீர்கள் என்பதையும் எழுதி, இரண்டு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இந்தக் கணக்கு.

ஒரு பெண் காலையில் ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் பேசுகிறாள். பிறகு தன் அக்காளிடம் நாற்பது நிமிஷம் பேசுகிறாள். மறுநாள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறாள். என்ன பேசினாள் என்று ஒருவர் சொல்ல வேண்டுமா? மில்லில் வேலை செய்யும் ஒருவன் சங்கத்து ஆபீசுக்கு வாரம் மூன்று தடவை பேசியிருக்கிறான் என்பது முதலாளிக்குத் தெரிந்தால் போதாதா? பேச்சிலாவது மனிதன் பொய் சொல்லலாம், விளையாட்டுக்குச் சொல்லலாம். கணக்கு அப்படியல்ல. அது நம் வாழ்க்கையை வெளியிலிருந்து கோடு போட்டுக் காட்டிவிடுகிறது.

இரண்டு பூட்டு

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பேச்சை ஒட்டுக் கேட்பதற்குச் சட்டம் ஒரு பெரிய பூட்டுப் போட்டிருக்கிறது; கணக்கை எடுப்பதற்குச் சின்னப் பூட்டுத்தான் போட்டிருக்கிறது. இதைத் தெரிந்து கொள்ளாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெள்ளைக்காரன் 1885-ம் வருஷத்தில் செய்த தந்திச் சட்டத்தின் 5-வது பிரிவில், பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இருந்தால் மாத்திரம், அதிலும் குறிப்பிட்ட சில காரணங்களுக்காக மாத்திரம், செய்தியை இடைமறிக்கலாம் என்று இருந்தது. இதை வைத்துக்கொண்டு இஷ்டம்போல் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் வழக்குப் போட்டார்கள். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, உள்துறைச் செயலாளர் எழுத்து மூலம் உத்தரவு போட வேண்டும், அந்த உத்தரவு இரண்டு மாதம்தான் நிற்கும், நீட்டினாலும் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு கமிட்டி அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிற்று. இப்பொழுது தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-ம் வருஷத்திய தொலைத்தொடர்புச் சட்டமும், 2024 டிசம்பரில் வந்த விதிகளும் நடக்கின்றன. 2025 ஜூலையில் நம் சென்னை ஹைக்கோர்ட்டு, 2011-ம் வருஷத்தில் ஒரு லஞ்ச விசாரணைக்காகப் போட்ட ஒட்டுக் கேட்பு உத்தரவை ரத்துச் செய்து, சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக இரகசியமாக ஒட்டுக் கேட்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இது பேச்சைப் பற்றி. கணக்கைப் பற்றியோ எனில், ஒரு விசாரணைக்கு இன்ன தஸ்தாவேஜு அவசியம் என்று கோர்ட்டோ, போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ கருதினால், அதை வைத்திருப்பவனிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கலாம் என்கிற சாதாரணப் பிரிவுதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தில் 94-வது பிரிவாக இருக்கிறது. (நமது ஜனங்களுக்காகச் செய்த சட்டத்துக்கு நம் ஜனங்கள் வாயில் நுழையாத பெயரைத் தேடி வைத்த சாமர்த்தியத்தை வேறொரு கூட்டத்தில் பேசிக் கொள்ளலாம்.) நீதிபதியிடம் போய் அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் இல்லை. கடைக்காரனிடம் பற்று வரவு நோட்டைக் கேட்பதற்கு எந்தப் பிரிவோ, அதே பிரிவுதான் உங்கள் இரண்டு வருஷ வாழ்க்கையைக் கேட்பதற்கும்.

2013-ம் வருஷ ஆரம்பத்தில் டில்லியில் ஒரு சங்கதி வெளியாயிற்று. அப்போது ராஜ்யசபையில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அருண் ஜெட்லி அவர்களின் டெலிபோன் கணக்கையே முறைகேடாக எடுத்ததாக ஒரு போலீஸ்காரரும், சில தனியார் துப்பறிவோரும் கைதானார்கள். பெரிய மனிதர் வீட்டுக் கூரையில் நெருப்புப் பிடித்தால்தானே மணி அடிப்பார்கள்! அதற்குப் பிறகுதான் மத்திய உள்துறையார், போலீஸ் சூப்பிரண்டு தரத்துக்குக் குறையாத அதிகாரியின் மூலமாகவே கணக்குக் கேட்கப்பட வேண்டும் என்று விதித்தார்கள். அந்தக் கேள்வியை வாங்கிப் பதில் சொல்ல ஒவ்வொரு கம்பெனியிலும் அதற்கென ஒரு அதிகாரி உண்டு. ஆனாலும் 2018-ல் மராட்டிய ராஜ்யத்தில் தானே நகரப் போலீசார், கணக்குகளை விலைக்கு வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவோர் பலரைக் கைது செய்தார்கள். பூட்டுச் சின்னது என்பதோடு, சாவியும் பல பேர் கையில் இருக்கிறது.

ஆகவே யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால் பதில் இதுதான். ஒரு விசாரணைக்காக, உரிய அதிகாரி எழுத்து மூலம் கேட்டால் கொடுக்கலாம். கோர்ட்டு உத்தரவு போட்டால் கொடுக்க வேண்டும். லைசென்சுப்படி கேட்க அதிகாரமுள்ள சர்க்கார் இலாகா கேட்டால் கொடுக்கலாம். கணக்குக்கு உரிய ஆளே தன் கணக்கைக் கேட்டால் கொடுக்கலாம். மற்றப்படி, வாடிக்கைக்காரர் விஷயத்தை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் லைசென்சிலேயே இருக்கிற நிபந்தனை. புருஷனுக்குக் கொடுக்கலாம் என்று எங்கேயும் இல்லை. தகப்பனுக்கு, அண்ணனுக்கு, ஜாதிச் சங்கத்துத் தலைவருக்கு, கடன் கொடுத்தவனுக்கு, முதலாளிக்குக் கொடுக்கலாம் என்று எங்கேயும் இல்லை. யூனிபாரம் போட்ட சிநேகிதருக்கு, சிநேகிதத்துக்காகக் கொடுக்கலாம் என்றும் இல்லை.

நான் செய்த காரியம்

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்பொழுது எனக்கே வெட்கமாயிருக்கிறது. ஏனெனில் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒருவன் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தினமும் டெலிபோனில் என்னைக் கூப்பிட்டு என் தாயாரையும் என் மனைவியையும் இழுத்துக் கேவலமாய்த் திட்டிக் கொண்டிருந்தான். சாமியைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இந்தப் பிரசாதம் புதிதல்ல. நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு போலீஸ்காரரிடம் அந்த நம்பரைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பெயர், விலாசம், அவன் அந்த வாரம் யாரோடெல்லாம் பேசினான் என்பதுகூட வந்துவிட்டது. செலவு இரண்டு டீ. எனக்கு வெகு சந்தோஷம். இரண்டு மூன்று கூட்டங்களில் இதைப் பெருமையாகவும் சொல்லிக் கொண்டேன்.

சென்ற வருஷம் ஒரு பையனும் பெண்ணும் என்னிடம் வந்தார்கள். இருவரும் வயது வந்தவர்கள். வேறு வேறு ஜாதி. சுயமரியாதைக் கலியாணம் 1967-லேயே இந்த ராஜ்யத்தில் சட்டமாகிவிட்டபடியால் அதற்கு ஒரு தடையும் இல்லை. நாங்கள் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக் கொண்டார்கள். பெண் வீட்டார் ஜாதி வெறியும் பணமும் உள்ளவர்கள் ஆனதால், இருவரையும் வேறு ஜில்லாவில் ஒரு தோழர் வீட்டுக்கு அனுப்பினேன். "பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிடுங்கள், புது சிம் போட்டுக் கொள்ளுங்கள், அப்புறம் ஒருவனும் கண்டுபிடிக்க முடியாது" என்று யோசனை சொன்னவனும் நான்தான். கருவியின் எண் மாறாது என்று முதலில் சொன்னேனே, அது அப்பொழுது எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் காலை மூன்று பேர் ஒரு காரில் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இரண்டு தாள் இருந்தது. பெண்ணின் பழைய கருவி, புதிய சிம், அந்த ஊர் டவர், அவள் தன் தங்கைக்கு ஒரே ஒரு தடவை பேசிய ஏழு நிமிஷம், எல்லாம் அதில் இருந்தது. டவர் ஊரைக் காட்டிற்று. தெருவை டீக்கடையில் விசாரித்துக் கொண்டார்கள். அந்தப் பெண் தைரியசாலி. திண்ணையில் நின்று, "நான் வரமாட்டேன், எனக்கு இருபத்திரண்டு வயது, இவர்தான் என் புருஷர்" என்று தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினாள். ஜனங்கள் கூடிவிட்டார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள். அன்று ஜனங்கள் வேலைக்குப் போய்விட்ட பதினோரு மணிக்கு அவர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தத் தாள்களில் ஒன்றைக் கைகலப்பில் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். அதை வைத்துக்கொண்டு புகார் எழுதினோம். பெண் காணவில்லை என்று ஒரு வழக்குக்கூட அப்பொழுது எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. ஆகவே விசாரணைக்காகக் கேட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த ஊர், எந்த ஆபீசு என்று நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. புகாருக்கு வந்த பதில், "விசாரணை நடக்கிறது" என்பது. இன்று வரைக்கும் அதே பதில்தான்.

புகாரில் கையெழுத்துப் போடும்பொழுது அந்தப் பையன் என்னைக் கேட்டான்: "அய்யா, அன்றைக்கு உங்களைத் திட்டினவன் விலாசத்தை அந்தப் போலீஸ்காரர் உங்களுக்குக் கொடுத்தாரே, அது எந்தப் பிரிவிலே கொடுத்தது?"

தோழர்களே! என்னிடம் பதில் இல்லை. எனக்காகத் திறந்த வாசலும், அந்த மூன்று பேருக்காகத் திறந்த வாசலும் ஒரே வாசல்தான். நியாயமான காரியத்துக்குத்தானே என்று நான் நினைத்தேன். அந்த மூன்று பேரும் தாங்கள் நியாயமான காரியம் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள். குலத்து மானம் என்று அதற்குப் பெயரும் வைத்திருப்பார்கள். எழுத்து மூலம் கேள், காரணம் சொல், வழக்கு எண் போடு, மேலதிகாரி கையெழுத்து வாங்கு என்று சட்டம் சொல்லுவது வீண் சடங்கு அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. சடங்குகளை எல்லாம் ஒழிக்க வேண்டும் என்று இருபது வருஷமாய்ப் பேசுகிறவன் நான். இந்த ஒன்றை மாத்திரம் ஒழிக்கக் கூடாது.

"நீயே கொடுத்ததுதானே?"

நிற்க. படித்தவர்களில் சிலர் ஒரு வாதம் சொல்லுகிறார்கள். "நீ டயல் செய்த நம்பரை நீயாகவே கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டாய், தெரிவித்த பிறகு அது இரகசியமாகுமா? கம்பெனிக் கணக்கு கம்பெனி சொத்துத்தானே?" என்கிறார்கள். இந்த வாதம் அமெரிக்காவில் பிறந்தது. 1979-ல் அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு, திருட்டுக் கொடுத்த பெண்ணை டெலிபோனில் மிரட்டிய ஒரு திருடனுடைய வழக்கில், டயல் செய்த எண்களுக்கு இரகசியம் என்கிற பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்புச் செய்தது. ஒரு திருடனுக்காகச் சொன்ன நியாயம் எங்கே போய் நின்றது தெரியுமா? அதே நியாயத்தைச் சொல்லிக் கொண்டு அந்த சர்க்கார் தேசத்து ஜனங்களின் டெலிபோன் கணக்கை மொத்தமாகத் தினந்தோறும் கம்பெனிகளிடமிருந்து வாங்கிக் கொண்டிருந்தது. 2013 ஜூனில் ஸ்நோடன் என்பவர் வெளியிட்ட காகிதங்களால் இது உலகத்துக்குத் தெரிந்தது. 2015-ல் புதுச் சட்டம் செய்து அந்த மொத்தக் கொள்முதலை நிறுத்தினார்கள். 2018-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு, ஒருவனுடைய 127 நாள் டவர் கணக்கை நீதிபதியின் வாரண்டு இல்லாமல் எடுத்தது செல்லாது என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிற்று.

நம் நாட்டில் அந்த வாதம் முன்பே அடிபட்டுப் போயிற்று. 2004-ல் கனரா பாங்கு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், பாங்கிலே கொடுத்து வைத்த காகிதமானாலும் அதைக் கொடுத்த மனிதனுடைய அந்தரங்கம் அதில் ஒட்டிக் கொண்டுதான் இருக்கிறது, அமெரிக்கத் தீர்ப்பு இங்கே ஒத்துவராது என்று நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 2017 ஆகஸ்டு 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். வண்ணானிடம் துணியைப் போட்டால் துணி வண்ணானுடையது ஆகிவிடுமா என்று நம் பாட்டிமார் ஒரே வார்த்தையில் கேட்டுவிடுவார்கள். கோர்ட்டுக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

ஆனாலும் தீர்ப்பு இருக்கிறது என்று நாம் தூங்கிவிடக் கூடாது. 2020 பிப்ரவரியில் டில்லியில் சட்டசபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பாக உள்ள மூன்று தேதிகளைக் குறித்து, அந்த வட்டாரத்து வாடிக்கைக்காரர் எல்லோருடைய கணக்கையும் மொத்தமாகக் கொடுக்கும்படி சர்க்கார் இலாகா கேட்டதாக, செல்போன் கம்பெனிகளின் சங்கமே இலாகாவுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதிற்று. பேச்சு நடுவில் அறுந்து போவதைப் பரிசோதிக்கத்தான் கேட்டோம், பெயர் விவரம் கேட்கவில்லை என்று சர்க்கார் சமாதானம் சொன்னது. இருக்கலாம். டாக்டர் ஒருவர் ஊருக்கே ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு வீட்டு இரும்புப் பெட்டியையும் திறந்து பார்த்தேன் என்றால் நாம் என்ன சொல்லுவோமோ, அதை நான் இங்கேயும் சொல்லுகிறேன்.

புருஷன் கேட்கலாமா?

தாய்மார்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. ஒரு புருஷன் தன் மனைவியின் டெலிபோன் கணக்கை அவள் சம்மதம் இல்லாமல் எடுத்து, விவாகரத்து வழக்கில் கொண்டுபோய் வைத்தான். மனைவிக்கும் அந்தரங்கம் உண்டு, அவளை உளவு பார்த்து எடுத்ததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். நம்முடைய இயக்கத்தார் எத்தனையோ காலமாகச் சொல்லி வருவதை, அதாவது தாலி என்பது அடிமைச் சாசனம் அல்ல என்பதை, கோர்ட்டு தன் பாஷையில் சொன்னதாகவே நான் எடுத்துக் கொண்டேன்.

ஆனால் மறைக்காமல் மற்றதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, வேறொரு வழக்கில், புருஷன் மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாகப் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒருவரை ஒருவர் உளவு பார்க்கும் நிலைமை வந்துவிட்டால் அந்தக் குடும்பம் முன்பே உடைந்துவிட்டது என்பதுதானே பொருள் என்று கேட்டிருக்கிறது. ஆகவே மதுரைத் தீர்ப்பை மாத்திரம் நம்பி, களவாக எடுத்த காகிதத்தை எந்தக் கோர்ட்டும் தொடாது என்று ஒருவரும் இருந்துவிட வேண்டாம். என் அபிப்பிராயத்தில், கோர்ட்டு ஒரு காகிதத்தைப் பார்க்கிறதா என்பது ஒரு கேள்வி; அந்தக் காகிதத்தைக் கம்பெனியிலிருந்து கள்ளத்தனமாக வாங்கியவனும் கொடுத்தவனும் குற்றவாளியா என்பது வேறு கேள்வி. வழக்குக்கு உண்மையிலேயே அவசியமானால் கோர்ட்டில் மனுப் போடட்டும், அந்தப் பெண்ணும் தன் ஆட்சேபத்தைச் சொல்லட்டும், நீதிபதி தீர்மானிக்கட்டும்.

இதில் இன்னொரு சூதும் இருக்கிறது. இப்பொழுது கம்பெனிக்குப் போக வேண்டியதே இல்லை. உங்கள் கருவியை இரண்டு நிமிஷம் கையில் வைத்திருந்து, அதற்கு வருகிற ஓ.டி.பி. எண்ணைப் பார்த்துக் கொண்டவன், கம்பெனியின் ஆப் மூலமாகவே உங்கள் கணக்கில் நுழைந்துவிடலாம். நீங்களே கேட்டதாகக் கம்பெனி நினைத்துக் கொள்ளும். "சும்மா கொடு, பார்த்துத் தருகிறேன்" என்று கேட்கும் புருஷனிடமும் சரி, மைத்துனனிடமும் சரி, யோசித்துக் கொடுங்கள்.

டவர் சொல்லும் குறி

இன்னும் ஒரு மூட நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. "டவரே சொல்லிவிட்டது" என்று, கோடாங்கி குறி சொன்னதைப்போல் ஜனங்கள் நம்புகிறார்கள். டவர் என்ன சொல்லும்? இன்ன சிம் போட்ட கருவி இன்ன டவரோடு தொடர்பாயிருந்தது என்று சொல்லும். கிராமங்களில் ஒரு டவர் பல மைல் சுற்றளவுக்கு வேலை செய்யும். ஆள் இந்த வீட்டில் இருந்தான் என்றோ, கருவி யார் கையில் இருந்தது என்றோ அதற்குத் தெரியாது. நம் வீடுகளில் தகப்பன் பெயரில் வாங்கிய சிம்மை மகன் வைத்திருக்கிறான், மகள் பெயரில் வாங்கியதைத் தகப்பன் வைத்திருக்கிறான். ஆகையினால்தான் கோர்ட்டும் வெறும் தாளை ஏற்பதில்லை. எந்த இயந்திரத்திலிருந்து எப்படி எடுத்தது என்று சட்டப்படியான சர்ட்டிபிகேட்டு கூட இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-லும் 2020-லும் வற்புறுத்தியிருக்கிறது. அந்த மூன்று பேர் கையிலிருந்த தாளில் சர்ட்டிபிகேட்டு ஏது!

இந்தக் கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது ஏழைக்கு உதவுவதும் உண்டு. ஒருவனை ஓரிடத்தில் பிடித்துவிட்டு, வேறிடத்தில் வேறு நேரத்தில் பிடித்ததாக எழுதினால், அதைப் பொய் என்று காட்ட அவனுக்கு வேறு சாட்சி ஏது? 2014-ல் ஒரு போதை மருந்து வழக்கில், பிடித்த அதிகாரிகள் அன்று எங்கே இருந்தார்கள் என்று காட்ட அவர்கள் டெலிபோன் கணக்கை வரவழைக்க வேண்டும் என்று எதிரி கேட்டான். இரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் பெயர் வெளியாகுமே என்று சர்க்கார் தரப்பு ஆட்சேபித்தது. சுப்ரீம் கோர்ட்டு, இடத்தைக் காட்டும் விவரத்தைக் கொடுங்கள், எதிரில் பேசியவர்கள் எண்ணை மை பூசி மறைத்துவிடுங்கள் என்று சொல்லிற்று. இதுவல்லவோ வழி! எவ்வளவு அவசியமோ அவ்வளவு கொடு, மிச்சத்துக்கு மை பூசு. இதே மையை எல்லோர் கணக்குக்கும் பூசினால் என்ன?

ஆனால் ஒன்று. இரண்டு வருஷம் கழிந்தால் அந்தக் கணக்கு இல்லாமல் போகலாம். பொய் வழக்கில் மாட்டிக் கொண்டவர்கள் அதைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி ஆரம்பத்திலேயே கோர்ட்டில் மனுப் போட்டுவிட வேண்டும். வக்கீல் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

கடைசியாகத் தண்டனையைப் பற்றி. 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமுலில் இருக்கிறது. அதிகாரம் இல்லாமல் கம்பெனியின் விவரங்களில் நுழைந்தாலோ, நுழையப் பார்த்தாலோ, அந்த விவரங்களை வெளியே கடத்தினாலோ, மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரம் என்றால் டெலிபோன் கணக்கும் அதில் சேர்ந்தது என்று பிரிவிலேயே விளக்கம் எழுதியிருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து வாங்கினாலும் குற்றம்தான். இந்தப் பிரிவின் எண்ணை வீட்டுக்குப் போய்ச் சுவரில் எழுதி வையுங்கள். அந்தத் தம்பதிகளின் புகாரில் நாங்கள் அதைத்தான் எழுதியிருக்கிறோம்.

(இந்தச் சமயம் கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது.)

ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "தங்களைத் திட்டினவனுடைய விலாசத்தை வாங்கிக் கொடுத்த போலீஸ்காரர் மேலும் அதே பிரிவில் புகார் செய்வீர்களா?" நல்ல கேள்வி. அது அந்தப் பிரிவு வருவதற்கு முந்திய சங்கதி. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக் கொள்ளப் போவதில்லை. அவரிடம் நேரில் போய், நான் கேட்டதும் தப்பு, நீங்கள் கொடுத்ததும் தப்பு, இனிமேல் யார் கேட்டாலும், நானே கேட்டாலும், கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குக் கோபம். இப்பொழுது என்னோடு பேசுவதில்லை. இரவில் திட்டுகிறவன் மாத்திரம் இன்னும் கூப்பிட்டுக் கொண்டிருக்கிறான். போன வாரம் ஸ்டேஷனுக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.